வரவுப் பக்கம்

பாடம் முடிந்து கிதாபை மூடும் வேளையில் மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஜகாத் பாடத்தில், விளைச்சலுக்குரிய உஷ்ரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். மழையாலோ ஆற்றுநீராலோ தானே பாய்ந்து விளைந்தால் பத்தில் ஒரு பங்கு; இறைத்துப் பாய்ச்சி விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு. வாடிப்பட்டிப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவதில் நமக்குச் சிரமமே இருப்பதில்லை. பேரணையில் வைகையிலிருந்து பிரிந்து வரும் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் எந்த வயலில் தானாகப் பாய்கிறது, எந்த வயலுக்குக் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் அன்றாடம் கண்ணாரக் காண்பவை. 1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர் கிழக்கே திருப்பப்பட்டதனால் செழித்த சமவெளியல்லவா இது!

"வயலைக் குத்தகைக்கு விட்டவர் உஷ்ரு கொடுப்பதா, எடுத்து உழுதவர் கொடுப்பதா, ஹஜ்ரத்?" என்று அம்மாணவர் வினவினார். குத்தகைக்கு விட்டவர் மீதே கடமை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. பயிரிட்டவர் மீது கடமை என்பது அன்னாரின் மாணாக்கர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் தீர்ப்பு. இதனைச் சொல்லி முடித்தோம். அவரோ முடிக்கவில்லை. "உழுகிறவருக்கே நிலம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காதே, ஹஜ்ரத்?" என்றார்.

அவருடைய தந்தையார் பிறர் நிலத்தை உழுபவர். அதனை நாம் அறிந்திருந்தமையால் உடனே வாய் திறக்க இயலவில்லை. பின்னர் வழக்கமான விடையையே கூறினோம். முதலாளித்துவம் ஒரு கோடி. பொதுவுடைமை மறு கோடி. இஸ்லாம் ஜகாத்தை விதித்து, வட்டியை விலக்கி, நடுவழியில் சமத்துவம் காண்கிறது என்றோம். மீலாது மேடைகளில் முப்பது ஆண்டுகளாக நாம் கூறிவரும் விடைதான். அது பொய்யான விடையன்று. ஆயினும் கேட்கப்பட்ட கேள்விக்கு உரிய விடையும் அன்று. மாணவர் கேட்டது, செல்வம் எங்ஙனம் சேர்ந்தது என்பதை. நாம் சொன்னது, சேர்ந்த செல்வத்தில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை. கணக்குப் புத்தகத்தின் மொழியில் சொன்னால், அவர் வரவுப் பக்கத்தைக் கேட்டார். நாம் செலவுப் பக்கத்தைப் படித்துக் காட்டினோம்.

சற்று எண்ணிப் பார்த்தால், நம் காலத்தில் உலகமெங்கும் நடைபெறும் சமத்துவ விவாதமே இவ்வாறு பக்கம் புரண்டிருப்பது விளங்கும். முதலாளித்துவத்தின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை யாது? தலைமடை நிறைந்தால் கடைமடைக்கும் தண்ணீர் வரும் என்பதே அது. செல்வர் மேலும் செல்வராகட்டும், தடுக்காதீர்கள். நிரம்பி வழிவது ஏழையின் வயலுக்கும் வந்து சேரும் என்றார்கள். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது அந்நம்பிக்கைக்குப் பலத்த அடி விழுந்தது. பிறகு அது மெல்லத் தேறியது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, அவ்வாண்டு ஜூலையில் நம் நாட்டு வரவு செலவுத் திட்டமும் தாராளமயத்தை வரவேற்றபோது, இனி வேறு வழியே இல்லை என்று அறிஞர் பலரும் எழுதினர். அந்த எக்களிப்பு பதினேழு ஆண்டுகளே நீடித்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க நிதி நிறுவனம் திவாலாயிற்று. கடன் கொடுத்துச் சூதாடிய வங்கிகளை அரசாங்கங்கள் மக்கள் வரிப்பணத்தால் தூக்கி நிறுத்தின. வீட்டுக்கடன் கட்ட முடியாத ஏழைகளோ தெருவுக்கு வந்தனர். கடைமடைக்காரர்கள் அப்போதுதான் மடையின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். 2013-இல் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி, மூலதனத்தின் வருவாய் நாட்டின் மொத்த வளர்ச்சியை விட விரைவாகப் பெருகுமாயின் ஏற்றத்தாழ்வு தானே பெருகும் என்று பழைய வரிக் கணக்குகளைத் துருவி எழுதிய பெருநூலைச் சாமானியரும் வாங்கிப் படித்தனர். ஏழைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற பேச்சு, இவரிடம் இவ்வளவு எப்படிச் சேர்ந்தது என்ற பேச்சாக மாறிற்று.

இக்கேள்வியை இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்னரே கேட்டவர் ஒருவர் நம் மதுரைச் சீமையிலேயே தம் கடைசி நாட்களைக் கழித்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் தே. கல்லுப்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. வாடிப்பட்டியைப் போலக் கால்வாய் பாயும் பூமியன்று. வானம் பார்த்த பூமி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நாளில் அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். இலண்டனில் கணக்காயர் பட்டம் பெற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, பட்டுச் சட்டையும் மேனாட்டு வாழ்வுமாய் இருந்தவர். முதலாளித்துவத்தின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை குலைந்தது எங்கே தெரியுமா? அதன் தலைநகரிலேயே! 1927-இல் அமெரிக்கா சென்று படிக்கையில், இந்தியா ஏன் வறிய நாடாயிருக்கிறது என்று அவர் ஆற்றிய சொற்பொழிவு பத்திரிகையில் வெளிவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் செலிக்மன் அதனைக் கண்டு, அப்பொருளிலேயே ஆராய்ச்சி செய்யத் தூண்டினார். ஆங்கில அரசின் வரவு செலவுக் கணக்கை ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு வரி வரியாகப் புரட்டினார். வறுமை விதியன்று, அது கணக்கில் எழுதப்பட்டிருக்கும் ஒரு செயல் என்று கண்டார்.

1929 மே மாதம், அதாவது நியூயார்க் சந்தை சரிவதற்குச் சில திங்கள் முன்பே, அவர் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த கிழவரே காந்தியடிகள் என்று தெரிந்ததும், பட்டு உடுப்பின் மடிப்புக் கலைவதையும் பாராமல் தரையில் அமர்ந்தாராம். அன்று முதல் பழைய உடுப்பு போயிற்று. கொர்னீலியஸ் போய்ப் பாட்டனாரின் பெயரான குமரப்பா நிலைத்தது. 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். பன்முறை சிறை சென்றார். ஜபல்பூர்ச் சிறையில் எழுதிய நூல்தான் 1945-இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்'.

அந்நூலிலுள்ள ஒரு கருத்து, மதரஸாவில் ஓதிய நம்மைத் திடுக்கிடச் செய்தது. பழம் விற்பவளிடம் இருக்கும் சரக்கு மாலைக்குள் அழுகும். வாங்குபவனிடம் இருக்கும் பணம் அழுகாது. ஆகவே அவன் காத்திருக்கலாம், அவளால் காத்திருக்க முடியாது. விலை பேசும்போதே ஒருவன் கை மேலாகவும் ஒருத்தி கை கீழாகவும் இருக்கிறது. அழியாத பணம் அழியும் பொருளின் மேல் பெறும் இந்த அனுகூலமே ஏற்றத்தாழ்வின் வித்துகளில் ஒன்று என்கிறார் அவர். முடங்கிக் கிடக்கும் பொன் வெள்ளியின் மீது ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் ஏன் விதிக்கப்பட்டது, பணமே பணத்தை ஈனும் வட்டி ஏன் இத்துணைக் கடுமையாக விலக்கப்பட்டது என்று நாம் சொல்லும் விளக்கங்களுக்கு இக்கருத்து எவ்வளவு அணுக்கமானது! ஒரு பொருளை வாங்குகிறவன், அது எவருடைய துன்பத்தால் உண்டாயிற்று என்பதற்கும் பொறுப்பாளி என்று அவர் வற்புறுத்தியதும் இத்தகையதே. ஹலாலான சம்பாத்தியம் என்று நாம் கூறுவதன் வாசல் அதுதான். இவருடைய சிந்தனையை மேனாட்டார் பலர் அறிந்தது, 1973-இல் ஷூமாகர் என்பார் தம் புகழ்பெற்ற நூலில் எடுத்துக்காட்டிய பிறகே.

நம் மாணவரின் வினாவுக்கு நேராக வருவோம். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பாவே தலைவர். 1949-இல் அக்குழு தந்த அறிக்கையின் சாரம் இது: உழுபவருக்கே நிலம் உரியது. விதவையர், சிறுவர், உடல் ஊனமுற்றோர் நீங்கலாக எவரும் தம் நிலத்தைப் பிறருக்குக் குத்தகைக்கு விடலாகாது. ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும். அறிக்கையைப் பலரும் புகழ்ந்தனர், நிறைவேற்றியவர் சிலர். நம் மாநிலத்தில் 1956-இல் நியாய வாரச் சட்டம் வந்தது. நஞ்சையில் விளைச்சலின் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் நிலச் சொந்தக்காரர் பெறலாகாது என்றது. அது பின்னர் 25 ஆகக் குறைக்கப்பட்டது. 1961-இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று உச்சவரம்பு வகுக்கப்பட்டு, 1970-இல் 15 ஆயிற்று. ஆனால் குத்தகைக்கு விடுவதே கூடாது என்ற கருத்து சட்டமாகவில்லை. குமரப்பா 1951-இல் சீனாவையும் மறு ஆண்டில் சோவியத் நாட்டையும் நேரில் கண்டு வந்தார். சீனத்து நிலப் பங்கீட்டைப் பாராட்டியதற்காகப் பொதுவுடைமைக்காரர் என்ற பழிச்சொல்லையும் கேட்டார். அவரோ, உற்பத்தியைப் பெரிய ஆலைகளில் குவிப்பதில் முதலாளியும் பொதுவுடைமை அரசும் ஒன்றுதான் என்று முன்பே எழுதியவர்! பின்னர் கல்லுப்பட்டியில் ஒதுங்கினார். அவருடைய குடிசைச் சுவரில் ஏழை உழவன் ஒருவனின் படம் இருந்ததென்றும், யாரென்று கேட்டவர்களிடம், என் குரு காந்தி, என் குருவுக்குக் குரு இவர் என்னும் கருத்துப்படச் சொல்வாரென்றும் கூறுவர். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், காலமானார்.

உழுபவருக்கே நிலம் என்பது நமக்கு அந்நியமான கொள்கை என்று கருதுவோர் நம்மில் உண்டு. அவர்கள் ஹதீஸ் கிதாபுகளைச் சற்றுப் புரட்ட வேண்டும். மதீனாவின் அன்சாரித் தோழர் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அவர்கள், நிலத்தைக் குத்தகைக்கு விடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அறிவிக்கிறார்கள். நிலமுடையவர் தாமே பயிரிடட்டும், அல்லது தம் சகோதரருக்குக் கொடுத்துதவட்டும் என்பது அவ்வறிவிப்புகளின் கருத்து. தடையின் காரணத்தையும் ராஃபிஉ (ரலி) அவர்களே விளக்கியிருக்கிறார்கள். மதீனாவில் நிலம் விடுவோர், வாய்க்கால் ஓரத்து விளைச்சல் எனக்கு, மற்றது உனக்கு என்று பேசுவார்களாம். சில வேளை இது விளையும், அது அழியும். சில வேளை அது விளையும், இது அழியும். அதனால்தான் தடுக்கப்பட்டது, பொன் வெள்ளிக்குக் குத்தகை விடுவதில் குற்றமில்லை என்கிறார்கள். வாய்க்கால் ஓரம்! தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாட்டை வாடிப்பட்டியில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உறுதியான விளைச்சல் ஒருவருக்கு, ஐயத்துக்குரிய விளைச்சல் மற்றவருக்கு என்னும் அந்த ஒப்பந்தத்தில்தான் நாயகம் (ஸல்) அவர்கள் அநீதியைக் கண்டார்கள்.

மறுபுறம், கைபர் நிலங்களை அங்கிருந்த யூதர்களிடமே விளைச்சலில் பாதிக்கு நாயகம் (ஸல்) அவர்கள் விட்டதும் உறுதியான செய்தி. ஆகவே ஃபிக்ஹு மேதைகளிடையே பெரும் விவாதம் எழுந்தது. விளைச்சலில் பங்கு பெறும் வாரத்தை, அதாவது முஸாரஆவை, செல்லாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). உழைப்பவனுக்குரிய கூலி இன்னதென்று தெரியவில்லை, ஒப்பந்த வேளையில் அது இருக்கவே இல்லை. கைபரில் நடந்தது குத்தகையன்று, அரசு பெற்ற நிலவரி என்பது அவர்கள் வாதம். அன்னார் கூஃபாவில் பட்டு வணிகம் செய்தவர்கள் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வோம். நிலம் விட்டு உண்டவர்கள் அல்லர். ஹிஜ்ரி 150-இல் அவர்கள் மறைந்த பின், மாணாக்கர் இருவரும் வாரம் செல்லும் என்றனர். மக்களின் தேவையையும் வழக்கத்தையும் முன்னிட்டு ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா அவ்விருவர் சொல்லின் மீதே அமைந்தது. ஷாஃபிஈ மத்ஹபிலோ தனித்த முஸாரஆ கூடாது, பணக் குத்தகை கூடும். ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம் (ரஹ்) இதற்கு நேர்மாறாக, பணக் குத்தகை கூடாது, பங்குமுறை கூடும் என்றார். கொள்ளும் நட்டமும் இருவருக்கும் பொதுவாக வேண்டும் என்பது இவ்வாதங்கள் எல்லாவற்றிலும் இழையோடுகிறது. வாரத்தை அனுமதித்தோரும் கூட, பங்கு விகிதமாக இருக்க வேண்டும். அவ்வயலின் விளைச்சலிலேயே எனக்கு இத்தனை மூட்டை என்று அறுதியிட்டால் செல்லாது என்றே விதித்தனர். விளைந்தாலும் பொய்த்தாலும் இத்தனை மூட்டை அளக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் நடக்கும் குத்தகையை அத்தராசில் வைத்துப் பாருங்கள்.

மக்களின் தேவை என்றார்களே, எந்த மக்களின் தேவை என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வது? இமாம்களிடம் குறை காண நாம் யார்! எருதும் விதையும் இன்றிக் கையுழைப்பு ஒன்றே உடைய ஏழைக்கும் வாரம் வழி திறந்தது என்பது உண்மைதான். ஆயினும் அவ்வழி எத்தனை தலைமுறைக்கு வழியாகவே நீள்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இராக்கின் வளமான நிலங்கள் கைக்கு வந்தபோது, வென்ற வீரர்களுக்கே பங்கிடுங்கள் என்று பிலால் (ரலி) முதலியோர் வாதாடினர். உமர் (ரலி) அவர்கள் ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனங்களைக் காட்டி மறுத்தார்கள். செல்வம் செல்வர்களுக்குள்ளேயே சுற்றலாகாது என்னும் கருத்துடைய ஏழாம் வசனமும், பின்வரும் தலைமுறையினரைக் குறிக்கும் பத்தாம் வசனமும் அவற்றுள் அடங்கும். இன்று பங்கிட்டால் நாளை வருவோருக்கு என்ன மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். நிலம் அளக்கப்பட்டுப் பொதுவருவாய்க்கு உரியதாயிற்று. அபூதர் கிஃபாரி (ரலி) அவர்கள் சிரியாவில் முஆவியா (ரலி) அவர்களுடன் முரண்பட்டதும் இதையொட்டியதே. பொன் வெள்ளியைக் குவிப்போர் குறித்த தவ்பா அத்தியாயத்தின் 34-ஆம் வசனம் வேதக்காரரை மட்டும் சுட்டுவதா, நம்மையும் சேர்த்தா என்பது பிணக்கு. நம்மையும் சேர்த்தே என்றார்கள் அபூதர் (ரலி). ஜகாத் கொடுத்துவிட்டால் அது குவியலாகாது என்பதே பெரும்பான்மை உலமாக்களின் முடிவு. நாமும் அதனையே ஓதிக்கொடுக்கிறோம். எனினும், ரபதா என்னும் ஒதுக்கிடத்தில் ஹிஜ்ரி 32-இல் மறைந்த அத்தோழரின் பெயரைச் சொல்லாமல் அப்பாடத்தை நடத்த நமக்கு மனம் வருவதில்லை.

1949-ஆம் ஆண்டு ஒரு வியப்பான ஆண்டு. குமரப்பா குழு அறிக்கை தந்த அதே ஆண்டில்தான் எகிப்தில் சையிது குத்ப், இஸ்லாத்தில் சமூக நீதி என்னும் நூலை வெளியிட்டார். பத்தாண்டு கழித்துச் சிரியாவின் முஸ்தஃபா சிபாயீ, இஸ்லாத்தின் சோஷலிசம் என்றே தம் நூலுக்குப் பெயரிட்டார். நம் சிந்தனையாளர்களும் அன்று வரவுப் பக்கத்தைத்தான் புரட்டினர். பின்னர் நேர்ந்தது வேறு. 1963-இல் எகிப்தின் மித் கம்ர் என்னும் சிற்றூரில் ஏழை உழவர்களுக்காக அஹ்மத் நஜ்ஜார் தொடங்கிய வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒரு நல்ல விதை. எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் வந்தது. பெரிய இஸ்லாமிய வங்கிகள் எழுந்தன. பொருளை வாங்கி இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும் முராபஹாவே அவற்றின் முதன்மைத் தொழிலாயிற்று. கொள்பவன் மாதந்தோறும் கட்டும் தொகை வட்டிக்கடை வங்கியின் தொகையோடு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. உலகம் முதலாளித்துவத்தின் மீது நம்பிக்கை இழந்து வரும் காலத்தில், நாம் அதற்கு அரபுப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோமோ என்ற அச்சம் நமக்கு உண்டு.

தொலைதூர வங்கிகளைக் குறை சொல்வது எளிது. அண்டையூர் ஒன்றில் நம் பள்ளிவாசலொன்றின் வக்ஃபு வயல் இருக்கிறது. ஊர்ப்பெயர் வேண்டாம். ஆண்டுதோறும் ஏலம். அதிகத் தொகை கேட்பவருக்குக் குத்தகை. எடுப்பவர் வசதியுள்ளவர், அவர் சேற்றில் இறங்குவதில்லை. மேலும் ஒரு தொகை வைத்து உழுபவருக்கு உள்குத்தகை விடுகிறார். நோன்பு மாதத்தில் அதே ஊரில் ஜகாத் பட்டியல் எழுதப்படும்போது அந்த உழவரின் பெயரும் வரிசையில் இருக்கிறது. பள்ளியின் கணக்கில் ஒரு பக்கத்தில் அவர் உழைப்பு வரவாகவும், மறு பக்கத்தில் அவர் பெயர் தர்மச் செலவாகவும் ஏறுகிறது. குமரப்பாவைப் போன்ற தணிக்கையாளர் ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் இரு பக்கங்களுக்கும் இடையே ஒரு கோடிழுத்துக் காட்டியிருப்பார்.

ஏலத்தை விடுத்து உழுபவரிடமே நேராக வயலை விடலாம், அறுதியிட்ட தொகைக்குப் பதில் விளைச்சலில் பங்கு பெறலாம், பொய்த்த ஆண்டில் பள்ளியும் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஜமாஅத் கூட்டத்தில் நாம் கூறினோம். இமாம்களின் தீர்ப்புகளையும் எடுத்துரைத்தோம். எவரும் மறுத்துப் பேசவில்லை. முதியவர் ஒருவர் மட்டும், "பள்ளி வருமானம் குறைந்தால் இமாமுக்கும் ஓதிக்கொடுப்பவருக்கும் சம்பளம் எங்கேயிருந்து வரும், ஹஜ்ரத்?" என்று பணிவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் பெறும் சம்பளமும் அப்படிப்பட்ட வயல்களிலிருந்துதான் வருகிறது. நம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதம் என்றோம். அதனை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். மற்றதை அறுவடைக்குப் பின் பேசலாம் என்று ஒத்திவைத்தார்கள். கால்வாயில் தண்ணீர் திறந்ததும் அம்மாணவரின் தந்தையார், ஏலத்தில் எடுத்தவரிடம் உள்குத்தகை பேசி, அதே வயலில் நாற்று நட்டார்.